கவிழ்க்கக் கூடாத விளக்குகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உலகப் பொதுச் சுகாதாரத்தைப் பற்றி ஓர் அறிமுகம் எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விருத்தாசலம் வட்டாரத்தில் கிராமச் செவிலியராகச் சேர்ந்து, பகுதிச் செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். பாஸ்போர்ட் எடுத்ததில்லை. ரயில் சந்திப்பு உள்ள ஊரில் இத்தனை காலம் இருந்தும் சென்னையைத் தாண்டி ரயிலில் போனதில்லை. என்னைப் போய் உலகத்தைப் பற்றி எழுதச் சொன்னவருக்கு நல்ல துணிச்சல்தான் என்று முதலில் சிரித்தேன். யோசித்துப் பார்த்தபோது, நான் உலகத்தைத் தேடிப் போகாவிட்டாலும் அது என்னைத் தேடி வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் கொண்டுவந்த காய்ச்சலாகவும், வடக்கே இருந்து ரயிலேறி வந்த குடும்பத்தின் தடுப்பூசி போடாத குழந்தையாகவும் வந்திருக்கிறது. ஒருமுறை அது கார்த்திகை விளக்குக்குள் குடியிருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஊசி போடுவது, கொசுப்புழு பார்ப்பது, குளோரின் கலப்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் அதைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. மேலேயிருந்து ஓர் உத்தரவு வருகிறது, எதிரே ஒருத்தி உங்களை நம்பிக் கொண்டு நிற்கிறாள், இரண்டும் ஒத்துப்போகவில்லை. அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் பாடம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு பருவம். மாவட்டம் முழுக்க டெங்கு பயம். எங்கள் வட்டாரத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்ச்சல் வந்தது. கம்மாபுரம் பக்கம் ஓர் ஊரில் ஒருத்தி, ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒருத்தி, விருத்தாசலம் டவுனுக்குள் இரண்டு பேர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணக்கு. அந்தந்த ஊர் ஆட்கள் அந்தந்த வீட்டுக்குப் போய்த் தொட்டி, டிரம், டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு புழு இல்லை. தெருவுக்குப் புகை அடித்தார்கள். புகை அடித்தால் ஊருக்கு ஒரு திருப்தி. வண்டிக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடும், பஞ்சாயத்துத் தலைவர் போட்டோ எடுத்துக்கொள்வார். எல்லாரும் நன்றாகத்தான் வேலை செய்தார்கள். ஆனாலும் வாரம் திரும்பினால் எங்காவது இன்னொருத்திக்குக் காய்ச்சல் வந்தது.

அப்போதுதான் செல்வி வந்தாள். கம்மாபுரம் பக்கத்துப் பெண். ஏழு மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவம். பரிசோதனை நாளில் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குச் சரியாகப் படவில்லை. தொட்டால் உடம்பு கொதித்தது. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டால், "சும்மா மழைல நனைஞ்சதுதாங்க நர்சம்மா" என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் டெங்கு. படுக்கையில் சேர்க்க வேண்டும் என்றதும் எழுந்து கிளம்பிவிட்டாள்.

"தீபம் முடிஞ்சதும் வரேங்க. இப்ப சீசனு. இப்ப லீவு போட்டா அடுத்த வருசம் கூப்பிட மாட்டாங்க."

"தீபம் முடியிறப்ப நீ இருக்கணும் இல்ல?" என்று திட்டி, ஆட்டோவில் என் பக்கத்திலேயே உட்கார வைத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். கர்ப்பிணிகளைத் திட்டக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் நிறையத் திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டுக் கூடவே போய் உட்காருபவளுக்கு அந்த உரிமை உண்டு என்பது என் கட்சி.

மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இன்னும் இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொன்னார். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நகக்கண்ணில் பொன்நிறப் பெயிண்ட் காய்ந்திருந்ததைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவளும் டெங்குதான். டம்ளரை வாங்கக் கை நீட்டினாள். அவள் நகத்திலும் அதே பொன்நிறம்.

எங்கள் ஊரில் கார்த்திகை மாதத்துக்கு முன்னால் எந்தப் பெண்ணின் கையில் அந்த நிறம் இருந்தாலும் ஒரே அர்த்தம்தான். பீங்கான் சாமான் செய்யும் செராமிக் கூடம் ஒன்றில் அகல் விளக்குக்கு வர்ணம் தீட்டுகிறாள். இருவரும் வெவ்வேறு ஊர், வெவ்வேறு பஸ், வெவ்வேறு சுகாதார நிலையம். ஆனால் டெங்குக் கொசு பகலில் கடிக்கிற கொசு. பகலில் இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. வீடு எங்கே, வீடு எங்கே என்று கேட்டுக் கேட்டு, அவர்கள் இரவில் படுக்கிற இடத்திலேயே புழு தேடிக்கொண்டிருந்தோம்.

செல்வியிடம் கேட்டேன். "எந்தக் கம்பெனியில வேல செய்யிற?"

கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தால் அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செல்வி மெதுவாகச் சொன்னாள்.

"சொன்னா பூட்டிடுவாங்க. போன வருசம் எங்கியோ ஒரு எடத்துல பூட்டிட்டாங்களாம். என்னால அத்தினி பொம்பளைங்க வேலையும் போச்சுன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு ஊருல இருப்பேன்?"

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் குழந்தை, உடம்பில் ரத்தம் சரியில்லை. அந்த நிலையிலும் அவள் பயந்தது எங்களுக்குத்தான். நோயைவிடச் சுகாதாரத் துறையைப் பார்த்து ஜனங்கள் பயப்பட்டால் உலகத்தில் எந்த ஊரிலும் எந்த நோயையும் பிடிக்க முடியாது. உங்கள் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கும்.

"பூட்ட வுட மாட்டேன்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. தெரிந்தேதான் சொன்னேன்.

அவள் கூடத்தின் பெயரைச் சொன்னாள். கரீம் பாய் கூடம்.

கரீம் பாயை எனக்குத் தெரியும். இரண்டு மகன்களும் துபாயில். இவர் மட்டும் ஊரோடு இருந்து கூடத்தை நடத்திக்கொண்டிருந்தார். அன்று மதியமே போனோம். நான், சுகாதார ஆய்வாளர், எங்கள் நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர். டாக்டர் சின்னப் பெண். பொதுச் சுகாதாரம் படிக்க வெளிநாடு போய்விட்டு வந்தவள். வந்த புதிதில் அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. என் வாயைப் பார்த்து அவளும் கொஞ்சம் பயந்துகொண்டுதான் இருந்தாள்.

கூடத்துக்குள் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, மூடிக்குமேல் துணி. பாய் பெருமையாகச் சுற்றிக் காட்டினார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். கொல்லையில் கண்ணுக்கெட்டிய மட்டும் விளக்குகள். போன வருடம் விற்காதவை, பூச்சு சரியாக ஏறாதவை, விளிம்பு உடைந்தவை. தீபம் முடிந்ததும் மலிவு விலைக்கு எடுத்துக்கொண்டு போக ஆள் வரும் என்று வைத்திருந்தார்கள். அகல், ஐந்து முகம், உழக்குத் தண்ணீர் பிடிக்கும் பெரிய விளக்கு என்று எல்லாமே வானத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர். குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் புழு துள்ளியது.

"பாய், இதையெல்லாம் கவுத்து வெச்சிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லையே" என்றார் ஆய்வாளர்.

பாய் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து கதவருகே நின்றார்கள். அவர்களில் மூத்தவள் அஞ்சலை. கூடத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"வெளக்க கவுக்கக் கூடாதுங்க" என்றாள். "தீபத்துக்கு முன்ன வெளக்கு கவுந்தா வூட்டுக்கு ஆவாது. எங்க கை செஞ்ச வெளக்கு, எங்க கையால கவுக்க மாட்டோம்."

"அம்மா, இதுல கொசு உற்பத்தியாவுது" என்றார் ஆய்வாளர்.

"நீங்க வேணா கவுத்துட்டுப் போங்க. அப்புறம் இந்தக் கூடத்துல ஒருத்தி வேலைக்கு வருவாளான்னு பாருங்க."

பாய் என்னைத் தனியே அழைத்தார். "நர்சம்மா, என் நெலமைய கொஞ்சம் யோசிங்க. அவங்க சாமி வெளக்கு. பாய் கவுக்கச் சொன்னான்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா, அது எங்க போயி நிக்கும்னு யாருக்குத் தெரியும்? இத்தினி வருசம் ஒன்னா பொழச்சிட்டோம். இதுக்குப் பூட்டுனாலும் பரவால்ல, அத நான் சொல்ல மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம் என்று எனக்குப் பட்டது. அஞ்சலை சொன்னதிலும் எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டில் நானே விளக்கைக் கழுவினால் கவிழ்த்து வைப்பதில்லை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், ஜனங்களின் நம்பிக்கையைக் கண்டு முகம் சுளிக்கிற நாளில் வேலையை விட்டுவிடுங்கள். அவர்கள் வீட்டுக்குள் உங்களை விடுவதும் அதே மாதிரி ஒரு நம்பிக்கைதான்.

இதற்குள் ஆய்வாளர் புழுவைப் படமெடுத்து மேலே அனுப்பிவிட்டார். அவர் கடமை அது, தப்பில்லை. உடனே போன் வந்தது. எதிர்முனையில் ஓர் அதிகாரி. பூட்டிச் சீல் வையுங்கள், பூட்டிய படம் சாயங்காலத்துக்குள் வேண்டும், பேப்பருக்குக் கொடுக்க வேண்டும் என்றார். ஆய்வாளர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தாள். பெண்கள் எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்வி ஆஸ்பத்திரியில் என்ன சொல்லியிருப்பாள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அது அவர்கள் கண்ணில் தெரிந்தது.

போனை நான் வாங்கினேன்.

"சார், பூட்டலாம்ங்க. பூட்டுனா மனுசங்கதான் உள்ள போவ முடியாது, கொசு கொல்லைப் பக்கமா போயி வரும்" என்றேன். "இந்தப் பொம்பளைங்க நாளைக்கே பக்கத்துக் கூடங்களுக்கு வேலைக்குப் போவாங்க. எத்தினி பேரு ஒடம்புல கிருமி இருக்குதோ அத்தினியும் கூடவே போவும். மத்த மொதலாளிங்க எல்லாம் கொல்லைக் கதவப் பூட்டிக்குவாங்க, காய்ச்சல்னு ஒருத்தியும் எங்ககிட்ட வரமாட்டா. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. அப்பவும் புழு இருந்தா நானே பூட்டுறேன், என் மேல எழுதிக்கங்க."

"சரி, நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான். உங்களுக்கு ரிட்டயர்மென்ட் பக்கத்துல இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். ஞாபகம் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பெண்கள் முன்னால் என் குரல் நடுங்கவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது, அடக்கமாக இருப்பது போல நடிக்கப் போவதில்லை.

வாய்தா வாங்கியாயிற்று, வழி என்ன? மருந்து ஊற்றலாம் என்றார் ஆய்வாளர். தினம் மழை பெய்து வழிந்தால் மருந்தும் வழிந்துவிடும். தார்ப்பாய் போடலாம் என்றேன் நான். தார்ப்பாய்க் குழியில் தண்ணீர் நிற்கும், அது இன்னும் வசதி. உள்ளே எடுத்து வைக்கக் கூடத்தில் இடமில்லை. உடைத்துவிடலாமா என்று பாயே கேட்டார், அஞ்சலை பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அப்போது டாக்டர் பேசினாள். "சிஸ்டர், நான் படிச்ச ஊர்ல ஒரு பாடம் நடத்துனாங்க. சில நாட்டுல கல்லறைத் தோட்டத்துல பூ ஜாடி வெப்பாங்க. அதுல தண்ணி நின்னு இதே கொசு. ஜாடிய எடுக்கச் சொன்னா செத்தவங்களுக்கு அவமரியாதைன்னு சண்டை. அதனால ஜாடிக்குள்ள மணலைப் போட்டுட்டாங்க. பூவும் நிக்கும், தண்ணியும் நிக்காது."

சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என்னைப் பார்த்தாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. உலகத்தின் இன்னொரு மூலையில் யாரோ ஒருத்தர் கல்லறையில் பட்ட சங்கடத்துக்குக் கண்டுபிடித்த வழி, விருத்தாசலத்துக் கொல்லையில் வந்து நிற்கிறது. நோய் மட்டும்தான் கப்பலேறி வருமா என்ன, புத்தியும் வரும். உலகச் சுகாதாரம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆனால் கல்லறைப் பேச்சைச் சாமி விளக்கருகே அப்படியே சொன்னால் அஞ்சலை எங்களைத் துரத்திவிடுவாள். ஆகவே அதை விட்டுவிட்டு மணலை மட்டும் கேட்டேன்.

"அஞ்சல, வெளக்கு நிமுந்தபடியே இருக்கட்டும். உள்ள மணலு கொட்டுனா எதாவது தப்பா?"

அஞ்சலை மற்ற பெண்களோடு தள்ளிப் போய்ப் பேசினாள். ஒருத்தி கூடாது என்றாள், ஒருத்தி கோயிலில் ஊதுபத்தி செருகுவதே மணலில்தானே என்றாள். ஆய்வாளர் ஏதோ சொல்ல வந்தார், நான் அவர் காலை மிதித்தேன். சில நேரம் நாம் பேசாமல் இருப்பதுதான் வேலை. கடைசியில் அஞ்சலை திரும்பி வந்தாள்.

"மணலு பூமாதேவி. வெளக்குல பூமாதேவி இருந்தா குத்தமில்ல" என்றாள். "ஆனா சலிச்ச மணலா இருக்கணும். கண்ட மணலையும் கொட்ட வுட மாட்டேன்."

பாய் கட்டடம் கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் வாசலிலேயே இருந்தது. அஞ்சலை சலித்து, கை நிறைய அள்ளி முதல் விளக்கில் போட்டாள். தண்ணீர் விளிம்பு வழியாக வழிந்து புழுவோடு மண்ணில் இறங்கியது. அதன்பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வர்ணம் தீட்டுகிறவர்கள், சூளைக்காரர்கள், பாய், டாக்டர், எல்லாரும் வரிசையில் உட்கார்ந்து நிரப்பினோம். மறுநாளும் நிரப்பினோம். கூடத்துக்குள்ளே பறக்கிற கொசுவுக்காகப் புகையும் போட்டோம், பெண்களுக்கு முழுக்கைச் சட்டை வாங்கித் தந்தார் பாய். முக்கியமாக, உடம்பு சுட்டால் மறைக்காமல் வரச் சொன்னோம். மூன்று பேர் அவர்களாகவே வந்தார்கள். பூட்டியிருந்தால் அந்த மூன்று பேரும் வந்திருக்க மாட்டார்கள். கெடு முடிந்த அந்த மறுநாள் சாயங்காலம் அதிகாரிக்குப் படம் அனுப்பினோம், மணல் நிரம்பிய விளக்குகளின் படம். பேப்பரில் போட அதில் ஒன்றுமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பதில் வரவில்லை. பூட்டச் சொல்லியும் மறுபடி கேட்கவில்லை.

அன்றே செல்வியிடம் போனேன். அதற்குள் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்ததும் குழந்தையைப் பற்றிக் கேட்பாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன்.

"பூட்டிட்டாங்களா?" என்றாள்.

"பூட்டல. எல்லாரும் வேல செய்யிறாங்க. ஒனக்கும் சேத்து அஞ்சல வர்ணம் அடிக்கிறா, கோணல் மாணலா இருக்குது."

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். ரத்தத் தட்டணு ஏற இன்னும் சில நாட்கள் ஆயின. அவள் உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கதையை நான் சொல்லியிருக்க மாட்டேன். அவள் தேறினாள், தை மாதம் சுகப்பிரசவம், பெண் குழந்தை. அந்தக் கூடத்திலிருந்து புதுக் காய்ச்சல் வருவது தீபத்துக்கு முன்பே நின்றுபோயிற்று. ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது வேறு. அடுத்த ஐப்பசியில் நாங்கள் எந்தக் கூடத்துக்குப் போனாலும் கொல்லைக் கதவை அவர்களே முதலில் திறந்து காட்டினார்கள்.

உலகப் பொதுச் சுகாதாரத்தின் சவால்கள் என்று நீங்கள் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள். எல்லைகள், பயணம், பருவநிலை, வறுமை, வதந்தி, எல்லாம் சரிதான். என்னைக் கேட்டால் எல்லாம் அந்தக் கொல்லையில் இருந்தது. நாம் போட்ட எல்லைக்கோடு கொசுவுக்குத் தெரியவில்லை. தீர்வு எங்கோ இருந்து வந்தது, ஆனால் அஞ்சலை சலித்துக் கொடுத்த பிறகுதான் அது வேலை செய்தது. இதை எழுதினால் மதிப்பெண் தருவார்களா என்று தெரியாது.

நான் ஓய்வு பெற்ற நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. விழா முடிகிற நேரத்துக்குச் செல்வி பஸ்ஸிலிருந்து இறங்கி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். முந்தானையால் மூடி ஐந்து முக விளக்கு ஒன்று கொண்டுவந்திருந்தாள். பொன்நிறம், ஒரு கோணல் இல்லை, அவளே தீட்டியது. வாங்கியபோது கை தாழ்ந்துவிட்டது, அவ்வளவு கனம். முந்தானையை விலக்கிப் பார்த்தால் உள்ளே விளிம்புவரை சலித்த மணல்.

"ஏன்டி, இது நல்ல வெளக்குதானே, இதுக்கு எதுக்கு மணலு?"

"வழியில மழைங்க நர்சம்மா" என்றாள். "வெறுமனே எப்படி எடுத்துக்கினு வரது?"

ஒவ்வொரு கார்த்திகைக்கும் அந்த மணலை எடுத்துவிட்டு எண்ணெய் ஊற்றி ஏற்றுகிறேன். விடிந்ததும் துடைத்து, மணலை மறுபடி நிரப்பி, வாசல் மாடத்தில் நிமிர்த்தி வைத்துவிடுகிறேன். கொசுப்புழு தேடி நீங்கள் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் வாருங்கள் பிள்ளைகளே. என் வீட்டில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, டீ மட்டும் தருவேன்.